மரணக் காரணம்: காமாலை

எங்கள் சபையின் அடக்கப் பதிவேடு நீளவாக்கில் விரியும் பெரிய புத்தகம். இறந்தவர் பெயர், வயது, தொழில், இறந்த நாள், அடக்கம் செய்த நாள், மரணக் காரணம், ஆராதனை நடத்தியவரின் கையொப்பம் என்று பத்திகள் இருக்கும். எங்கள் உபதேசியாருக்கு அப்போதே கை நடுக்கம் உண்டு. எழுத வேண்டிய நாட்களில் என்னைக் கூப்பிட்டுவிடுவார். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பார். அக்காளை அடக்கம் செய்த மறுநாளும் கூப்பிட்டார். மற்றப் பத்திகளை நிரப்பிவிட்டு ஒன்றில் மட்டும் நிறுத்தினேன்.

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "உமக்குத் தெரிஞ்சதப் போடும் சார்" என்றார்.

காமாலை என்று எழுதினேன். மை காயும்வரை காத்திருந்து புத்தகத்தை மூடினேன்.

அக்காளுக்குக் காமாலை இல்லை. அவளுக்குச் சினைப்பையில் புற்று. வயிற்றில் நீர் கோத்து, கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது. சோதனை அறிக்கை என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. அதை வாசித்தவர்கள் நானும் என் மனைவியும் மட்டும். அக்காளுக்கு வயது நாற்பத்து நான்கு. அத்தான் அதற்கு முன்பே போய்விட்டார். அவர்களுடைய ஒரே மகளுக்குப் பத்தொன்பது வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தாய்மாமன் என்ற முறையில் அவள் பொறுப்பு முழுக்க என்னுடையது. புற்று வந்த வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் அல்ல. வயிறு வீங்கிய காமாலை என்றால் பழுதில்லை. அது யாருக்கும் வரலாம், வந்தால் போகலாம்.

அந்தப் பொய்யை நான் இன்றும் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. அன்றைக்கு அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். என் குற்றம் அதற்குப் பிறகு நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று வருடம் விலங்கியல் நடத்தினேன். இளங்கலைக் கடைசி வருடத்துக்குச் செல்லுயிரியல். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒன்று உண்டு. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. தினமும் பழுதாகிக்கொண்டே இருக்கிறது. வெயில் அதைக் கெடுக்கிறது, புகை கெடுக்கிறது, செல் உயிரோடு இருப்பதே கொஞ்சம் கெடுக்கிறது. இருந்தும் நாம் பிழைத்திருப்பது, பழுதைக் கண்டவுடன் செய்தி போவதால்தான். உடைப்பைக் கண்டுபிடிக்க ஒரு புரதம் இருக்கிறது. அது பக்கத்திலிருக்கும் புரதத்தின் மேல் ஒரு சின்ன அடையாளத்தை ஒட்டுகிறது. அது அடுத்ததன் மேல் ஒட்டுகிறது. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போகும் செய்திக்கு மூன்று பொருள் உண்டு. முதலில், பிளப்பதை நிறுத்து. பிறகு, பழுதைச் சரிசெய். சரிசெய்ய முடியவில்லை என்றால், மற்றவர்களைக் கெடுக்காமல் செத்துப்போ.

மாணவர்களில் பாதிப் பேர் வயல்காட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கால்வாயைச் சொல்லி விளக்குவேன். கரையில் கசிவைப் பார்த்த மடைக்காரர் தானே அடைக்க முடியாது. ஓடிப்போய் ஷட்டர்காரரிடம் சொல்ல வேண்டும். ஷட்டரை இறக்கினால்தான் மண்மூட்டை போட முடியும். தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே கரையை அடைத்தவர் யாரும் இல்லை. ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், மடைக்காரரே நமக்கென்னன்னு வீட்டுக்குப் போயிட்டாருன்னா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அங்கேதான் புற்றுநோய் ஆரம்பிக்கிறது என்று சொன்னேன். செய்தி போகும் பாதை அறுந்த செல், பழுதோடேயே பிளந்து பெருகுகிறது. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அக்காள் என்னிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும். சாவதற்கு ஒரு மாதம் முன்பு. அவளுக்கு என்ன நோய் என்று நான் சொல்லவே இல்லை. ஈரலில் நீர் என்று சொல்லி வைத்திருந்தேன். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்ம அம்மைக்கும் இப்படித்தாம்லே வயிறு வீங்குச்சு. நீ சின்னப்பிள்ள, உனக்கு ஞாபகம் இருக்காது. சித்திக்கு மார்ல புண்ணு. எனக்கு என்னமோ இது எங்க வழியா வாரது மாதிரி இருக்கு. பிள்ளைக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும். ஒரு நாலு வருஷம் கழிச்சு நீயே அவட்ட பைய சொல்லிரு. அவ எச்சரிக்கையா இருக்கட்டும்."

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண். மருத்துவர்கள் யாரும் எங்கள் வீட்டில் அதுவரை கேட்டிராததை அவளே மூன்று சாவுகளை வைத்துக் கணக்குப் போட்டிருந்தாள், தன்னுடையதையும் சேர்த்து. நான், "சும்மா கெட, அதெல்லாம் ஒண்ணும் கெடயாது" என்றேன். ஆனால் சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

அவள் மகளுக்கு மறுவருடமே கல்யாணம் நடந்தது. நல்ல மாப்பிள்ளை, மின்வாரியத்தில் வேலை. அம்பாசமுத்திரத்தில் குடியேறினார்கள். அவளும் படித்துக் கணக்கு டீச்சர் ஆனாள். நாலு வருடம் ஆனபோது அவள் கர்ப்பமாக இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் போய் இதைச் சொல்வதா என்று விட்டுவிட்டேன். அது கலைந்தது. கலைந்த துக்கத்தில் சொல்வதா என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு பெண் பிறந்தாள். அதற்குள் எனக்கு அது பழகிவிட்டது. சொல்லாமல் இருப்பதும் பல்வலி மாதிரிதான், சில நாள் கழித்து நாக்கு அந்தப் பக்கம் போகாமல் பழகிக்கொள்கிறது.

ஒரு நாள் கல்லூரி நூலகத்தில், தபாலில் வந்த ஓர் ஆய்விதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டி.என்.ஏ. உடைப்பைச் சரிசெய்யும் வேலையில் சேர்ந்த ஒரு மரபணு, அது பழுதாகப் பிறந்த பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் புற்று வருகிறது, தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்குகிறது என்று எழுதியிருந்தது. அம்மை, சித்தி, அக்காள் மூவரும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். இதழை மூடி வைத்துவிட்டு, மூன்றாவது மணிக்கு வகுப்புக்குப் போனேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பன்னிரண்டு வருடம் அந்த மரபணுவைப் பாடமாக நடத்தினேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன்.

போன வருடம் ஐப்பசியில் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்து, மார்பில் ஒரு கட்டி என்று சாதாரணமாகச் சொன்னாள். பரிசோதனை செய்தாகிவிட்டது, புற்றுதான், ஆரம்பம்தான், திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கிறோம், நீங்களும் வாருங்கள் மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும் என்றாள். அவளுக்கு அப்போது ஐம்பத்து மூன்று. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. அவள்தான் எங்களுக்கு எல்லாம்.

டாக்டரம்மா சின்னப் பெண். மெதுவாகப் பேசினாள். முன்பே ஒரு படிவம் கொடுத்திருந்தாள், குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று நிரப்பச் சொல்லி. அக்காள் மகள் கணக்கு டீச்சர் அல்லவா, ஆதாரம் இல்லாமல் எதையும் எழுத மாட்டாள். அம்மா எதில் இறந்தாள் என்ற கேள்விக்காக எங்கள் சபை அலுவலகத்துக்கே போய், பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லி, போனில் படம் எடுத்து வந்திருந்தாள். அதை டாக்டரிடம் நீட்டினாள்.

"எங்கம்மைக்குக் காமாலை டாக்டர். கோயில் ரெஜிஸ்டர்லயே இருக்கு, பாருங்க."

டாக்டரம்மா பார்த்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள். என் பக்கம் திரும்பியிருந்தது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்திய என் கையெழுத்து, அச்சடித்த மாதிரி, அந்தச் சின்னக் கண்ணாடியில் கிடந்தது. அக்காள் மகளுக்கு அது என் எழுத்து என்று தெரியவில்லை. சபைப் பதிவேடு என்றால் எங்கள் ஆட்களுக்கு அது அரசாங்க முத்திரைக்கும் மேலே. அதில் யார் எழுதினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

டாக்டரம்மா என்னிடமும் கேட்டாள். "நீங்க அம்மா வழி மாமா இல்லையா? உங்களுக்குத் தெரிஞ்சு குடும்பத்துல யாருக்காவது புற்று இருந்திருக்கா?"

"இல்லம்மா" என்றேன்.

இப்படித்தான் நடந்தது. முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்திய பொய்யை விட இந்த ஒரு சொல் மோசமானது. அன்று எனக்கு மரபணு தெரியாது. இன்று எல்லாம் தெரியும், அவள் உயிரும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா தலையசைத்தாள். குடும்பத்தில் இல்லை என்றால் மரபணுச் சோதனை இப்போது அவசரமில்லை, அடுத்த வியாழன் கட்டியை எடுத்துவிடலாம், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. மறுநாள் காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குள்ள நீங்க போய்ச் சொல்லலன்னா நான் போய்ச் சொல்லிருவேன். நானும்தான இத்தன வருஷமா வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அந்தப் பாவத்துல எனக்கும் பங்கு இருக்கு, உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல."

மறுநாள் செங்கோட்டைப் பாசஞ்சரில் போனேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. எதிர் சீட்டில் ஒருவர் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் எடுக்கப் போவதாகச் சொல்லி என்னோடு பேசப் பார்த்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதில் நான் நல்லவனாக வந்தேன். கடைசியில் எதையும் தயார் செய்யாமல் இறங்கினேன்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். நைட்டி இரண்டு, துண்டு, பிளாஸ்க், வேதாகமம். கட்டிலில் உட்காரச் சொன்னாள். நான் உட்காராமல் நின்றபடியே, பதிவேட்டில் இருப்பது என் எழுத்து, அது பொய், உங்கம்மைக்குச் சினைப்பையில் புற்று, என் அம்மைக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும், சித்திக்கு மார்பில் இருந்தது, எனக்கு எல்லாம் தெரியும், நேற்று முன்தினம் டாக்டரிடமும் பொய் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு முப்பத்து நான்கு வருடம்.

அவள் மடித்த துண்டைத் திரும்பப் பிரித்து மடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மாமா, எங்கம்ம காமாலையில போனான்னு நெனச்சு நான் வருஷா வருஷம் கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சிட்டு இருக்கேன். எம் பிள்ள வாயப் பிடிச்சு ஊத்தி வளத்தேன். எண்ண பலகாரம் தொட்டதில்ல. எனக்கு வந்துரக் கூடாதுன்னு எவ்வளவு கவனமா இருந்திருக்கேன் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவள் வீட்டுக் கொல்லையில் கீழாநெல்லி தொட்டி தொட்டியாக நிற்கும். நானே பார்த்திருக்கிறேன். உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பிறகு அவள் கேட்டது ஒன்றுதான். "அம்மைக்குத் தெரியுமா? அம்ம ஏதாவது சொன்னாளா?"

அக்காள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். நாலு வருஷம் கழித்துப் பைய சொல்லிவிடு என்றதையும், அவ எச்சரிக்கையா இருக்கட்டும் என்றதையும். அதற்குத்தான் அவள் அழுதாள். என் மேல் கோபப்பட்டு அழவில்லை. அம்மா தன்னை நினைத்து ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று தெரிந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இப்ப போங்க மாமா. நான் டாக்டருக்குப் போன் போடணும்" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. அவள் வீட்டிலிருந்து காப்பி குடிக்காமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

வியாழன் அறுவையைத் தள்ளிவைத்தார்கள். முதலில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள், கூடவே ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அக்காள் கணக்கு சரியாக இருந்தது. பழுது பார்க்கும் அந்த மரபணுதான். அதன்படி எல்லாம் மாறியது. இரண்டு மார்பையும், பிறகு சினைப்பைகளையும் எடுப்பது என்று டாக்டரம்மா சொன்னாள், அக்காள் மகள் சம்மதித்தாள். எல்லாச் செய்தியும் அவள் கணவர் மூலமாக வந்தது. என்னோடு அவள் பேசவில்லை. என் மனைவி வாரம் இரண்டு முறை ரசமும் இட்லியும் எடுத்துக்கொண்டு போய்வந்தாள். நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் அந்தப் பழுது இருக்கிறது. டாக்டரம்மா ஆண்களுக்கு வரக்கூடியவற்றைச் சொல்லி வருடா வருடம் பார்க்கச் சொன்னாள். என்னோடு அது நின்றுவிடும். அதில் ஒரு வசதி.

தை மாதம் ஒரு நாள் மத்தியானம் அவளே போன் செய்தாள். வணக்கம், நலம் எதுவும் இல்லை. "மாமா, புதுசா ஒரு மாத்திரை எழுதியிருக்காவ. எல்லாருக்கும் குடுக்க மாட்டாவளாம், இந்தப் பழுது உள்ளவங்களுக்குத்தானாம். எப்படி வேல செய்யுது? எனக்குப் புரியுத மாதிரி சொல்லுங்க."

வகுப்பில் சொல்வது மாதிரியே ஆரம்பித்தேன். செல்லில் டி.என்.ஏ. உடைந்தால் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு, உன் கட்டியின் செல்களுக்கு ஒரு வழி அடியோடு போய்விட்டது, அதனால்தான் அவை கெட்டன, ஆனால் அவை பிழைத்திருப்பது மிச்சமிருக்கும் வழியில் தொங்கிக்கொண்டு, மாத்திரை அதைப் போய் அடைக்கிறது என்றேன். அந்தச் செல்கள் தங்கள் உடைப்பைத் தாங்காமல் சாகும். மற்றச் செல்களிடம் உன் அப்பா கொடுத்த நல்ல பிரதி ஒன்று இருக்கிறது, அவை தப்பித்துக்கொள்ளும்.

"அப்ப உடைஞ்சு கெடந்ததே மருந்துக்கு வசதியாப் போச்சாக்கும். நல்ல வேடிக்கதான்" என்றாள். பிறகு, "காமாலைன்னே இருந்திருந்தா இந்த மாத்திரை எனக்கு வந்திருக்காது, என்ன?" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு என்னை வீட்டுக்கு வர விட்டாள். அறுவை இரண்டும் நல்லபடியாக முடிந்தன. சினைப்பையில் ஒன்றும் இல்லை. மாத்திரை அவளைச் சோர வைத்தது, ரத்தம் குறைந்தது, ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் பங்குனியில் பள்ளிக்கூடம் போய்ப் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் நடத்திவிட்டு வந்தாள். மொட்டைத் தலையில் முடி எட்டிப் பார்த்திருந்தது. பிள்ளைகள் கொய்யாக்காய் டீச்சர் என்று பெயர் வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நாட்களில்தான் அவள் மகளுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பேத்திக்கு இருபத்தாறு வயது, வங்கியில் வேலை. பையனும் அவளும் பேசிப் பிடித்துப்போய், ஆவணியில் கல்யாணம் என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அம்மாவுக்குப் புற்று என்பது அவர்களுக்குத் தெரியும். அது இப்போதெல்லாம் மறைக்க முடிகிற விஷயம் அல்ல. மரபணு விஷயம் தெரியாது. பேத்திக்கே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

அக்காள் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாமா, அவட்ட இப்ப ஒண்ணும் சொல்லிர வேண்டாம். கல்யாணம் முடியட்டும். ஒரு வருஷம் போவட்டும். பொறவு நானே சோதனைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"ஏளா, உங்கம்ம நாலு வருஷந்தான் கேட்டா. நான் முப்பத்து நாலு எடுத்துக்கிட்டேன். ஆரம்பிக்கும்போது எனக்கும் ஒரு வருஷந்தான்" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு மனசு லேசாவணும்னு எம் பிள்ள கல்யாணத்தக் கலைக்கச் சொல்லுதியளா மாமா?"

அந்தக் கேள்வியில் உண்மை இருந்தது. வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்தேன். பேத்தியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டால் அது யாருக்காக? மூன்று நாள் கழித்துத் திரும்பப் போய் அவளிடம் சொன்னேன், நான் போய்ச் சொல்ல மாட்டேன். பெற்ற தாய் நீ இருக்கிறாய், அது உன் வேலை. ஆனால் அவள் என்றைக்காவது என்னிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை அந்தச் சொல் என் வாயில் வராது. அக்காள் மகள் மாத்திரை டப்பாவில் அந்த வாரத்து மாத்திரைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். இந்த முறை காப்பி வந்தது. ஆறிப்போயிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூட இல்லை, போன் அடித்தது. பேத்தி. "தாத்தா, இனிமே நான் கீழாநெல்லி குடிக்க வேண்டாமாம்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். அவள் அம்மா சொல்லிவிட்டாள் என்று புரிந்தது. உனக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அந்தக் கசாயத்தை நினைத்தால் இது தேவலை என்றாள். செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவளுக்கும் இருக்கிறது. பாதிக்குப் பாதியில் நல்ல பாதி அவள் பக்கம் விழவில்லை. அன்று எல்லோரும் அழுதோம், அவளைத் தவிர. டாக்டரம்மா அவளை மட்டும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினாள். வருடா வருடம் ஸ்கேன், கட்டி வந்தாலும் கடுகளவில் பிடித்துவிடலாம், பிள்ளைகள் பெற்று முடித்தபின் சினைப்பையை எடுத்துவிடலாம், வேறு வழிகளும் இருக்கின்றன, எதையும் இன்றே முடிவு செய்ய வேண்டாம். என் அம்மைக்கும் சித்திக்கும் அக்காளுக்கும் இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பேத்தி அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, அன்று சாயங்காலமே பையனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். உங்கள் வீட்டிலும் சொல்லிவிடு, பிறகு தெரிந்து வருத்தப்படக் கூடாது என்றாள். பையன் சரி என்றான். வீட்டில் சொன்னான். அதோடு தூத்துக்குடியிலிருந்து பேச்சு நின்றுவிட்டது.

மூன்று வாரம். அக்காள் மகள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பேத்தி வங்கிக்குப் போய்வந்தாள். பையன் மட்டும் இரவில் போன் செய்கிறான், வீட்டில் என்ன என்று கேட்டால் தெரியவில்லை என்கிறான் என்றாள்.

போன சனிக்கிழமை நாங்கள் இருவரும் அம்பாசமுத்திரம் போயிருந்தோம். பதினோரு மணி வாக்கில் ஒரு கார் வந்து நின்றது. பையனின் அம்மாவும், அவரைவிட மூத்த ஓர் அம்மாளும் இறங்கினார்கள். ஆண்கள் யாரும் வரவில்லை. கலைக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். பெண்களை மட்டும் அனுப்புவது அதற்குத்தான். அக்காள் மகள் வெளிறிப்போய் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள்.

மூத்த அம்மாள் முந்தானையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். காப்பியில் ஆடை படிந்தது. பிறகு பையனின் அம்மா, எங்கள் யாரையும் பார்க்காமல் பேத்தியைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கல்யாண விஷயம் பொறவு பேசுவோம்மா. நாங்க அதுக்கு வரல. இது எங்க அக்கா. மார்ல ஒரு கட்டி, எட்டு மாசமாச்சாம். யார்ட்டயும் மூச்சு விடல. நீ சொன்னதா எம் மவன் வந்து சொன்னான்லா, அதக் கேட்ட பொறவுதான் எங்கிட்ட வாயத் திறந்தா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா வர மாட்டேங்கா. அந்தப் பிள்ளைட்டன்னா பேசுதேன்னா."

மூத்த அம்மாள் தலை நிமிரவில்லை. பேத்தி எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனை எடுத்து டாக்டரம்மாவின் உதவியாளரிடம் பேசித் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கினாள். நானே லீவு போட்டுட்டு உங்களைக் கூட்டிட்டுப் போறேன் என்றாள். பிறகு வங்கிப் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள்.

"அங்கன இதக் கேப்பாவ, இப்பவே எழுதிக்கிடுவோம் பெரியம்மா. உங்க அம்மா எதுல இறந்தாவ?"

"மூச்சுத் திணறல்னு சொல்லுவோம்" என்றார் அவர்.

"சொல்லுவிய. என்ன சீக்கு பெரியம்மா?"

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே வாசலுக்குப் போனேன். அக்காள் மகள் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து விட்டாள். உள்ளே தாழ்ந்த குரல் ஒன்று தயங்கித் தயங்கிப் பேச ஆரம்பித்தது. அதை இடைமறித்துப் பேத்தி சொல்வது கேட்டது.

"பைய சொல்லுங்க பெரியம்மா. எழுதிக்கிடுதேன்."